நுண் ஆர்.என்.ஏ.யும் இரத்தப் புற்றும்

வேறு ஏதோ ஒரு காரணத்தை முன்னிட்டு முதியவர் ஒருவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சற்றுக் களைப்பு உண்டு; அது வயதின் கோளாறு என்று அவரே சமாதானம் செய்துகொள்கிறார். ஆனால் பரிசோதனை முடிவைக் கண்ட மருத்துவர் யோசனையில் ஆழ்கிறார். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் இவருக்கு 60,000 இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவைபோல் தோன்றும் சிறிய, உருண்டையான நிணவணுக்கள்.

இந்நோய்க்கு 'நாள்பட்ட நிணவணு லுக்கேமியா' என்று பெயர். மேலை நாடுகளில் முதியோரை மிகுதியாகப் பற்றும் இரத்தப் புற்று இது. ஆசிய நாடுகளில் இது அவ்வளவு மிகுதியாக இல்லை. புற்று என்றதும் கட்டுக்கடங்காமல் பெருகும் செல்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நோயில் சேர்ந்திருக்கும் செல்களுள் பெரும்பாலானவை ஓயாமல் பெருகிக்கொண்டிருப்பவை அல்ல; சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் தங்கிவிட்டவை.

அவை ஏன் சாகவில்லை? இக்கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். விடையும் அந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவர்கள் தேடிய வடிவில் அது இல்லை. அந்த விடையைப் புரிந்துகொள்ளச் செல்லினுள் நடக்கும் சில செயல்களை முதலில் அறிந்துகொள்வோம்.

பி செல் என்பது யாது?

நிணவணுக்களில் பல வகைகள் உண்டு. அவற்றுள் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை ஆக்கித் தருவது பி செல். இப்பெயர் கோழியிடமிருந்து வந்தது. பறவைகளின் கழிவறைக்கு அருகில் 'ஃபேப்ரீசியஸ் பை' என்ற சிறிய உறுப்பு உண்டு. அதனால் என்ன பயன் என்று நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை. இளமையிலேயே இப்பை அகற்றப்பட்ட கோழிகளால் எதிர்ப்பொருள்களைச் சரிவர உண்டாக்க முடியவில்லை என்பதை 1956ஆம் ஆண்டில் புரூஸ் கிளிக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டனர். பை என்பதற்குரிய லத்தீன் சொல்லான 'பர்சா' என்பதன் முதல் எழுத்தே 'பி' ஆயிற்று. மனிதருக்கு இந்தப் பை இல்லை. நம் உடலில் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன.

மஜ்ஜையிலுள்ள தாய்ச் செல் ஒன்று, பி செல்லாக முதிர்வதற்குப் பல படிகளைக் கடக்க வேண்டும். முதற்படியில் இருப்பது 'புரோ-பி' செல். இது தன் டி.என்.ஏ.யின் சில பகுதிகளை வெட்டி, மாற்றி ஒட்டி, எதிர்ப்பொருளின் கனத்த சங்கிலிக்கான மரபணுவைத் தானே புனைந்துகொள்கிறது. புனைந்தது சரியாக அமைந்தால் அடுத்த படியான 'பிரீ-பி' நிலைக்கு ஏறும். அங்கு இலேசான சங்கிலிக்கான மரபணுவும் தயாராகும். வெட்டி ஒட்டும் வேலையில் பிழை நேர்ந்த செல்கள் மஜ்ஜையிலேயே மடிகின்றன. உடலின் சொந்தப் பொருள்களையே தாக்கக்கூடிய செல்களுள் பலவும் இவ்வாறே களையப்படுகின்றன. தேறியவை மட்டும் மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் சென்று காவலில் அமர்கின்றன.

ஆகவே பி செல்லின் வாழ்க்கையில் சாவு என்பது விபத்து அன்று. அது திட்டத்தின் ஒரு பகுதி. ஒவ்வொரு படியிலும் 'வாழ்வதா, மடிவதா?' என்ற கேள்வி எழுகிறது. விடை செல்லினுள் இருக்கும் இருவகைப் புரதங்களின் அளவைப் பொறுத்தது. பி.சி.எல்.-2 என்ற புரதம் வாழச் சொல்லும். பிம் என்ற புரதம் மடியச் சொல்லும். தராசின் எந்தத் தட்டுத் தாழ்கிறதோ அதன்படி செல்லின் விதி அமையும்.

மதகும் மடையும்

புரதங்களின் அளவைத் தீர்மானிப்பது எது? டி.என்.ஏ.யில் எழுதப்பட்டுள்ள மரபணுவிலிருந்து 'தூது ஆர்.என்.ஏ.' என்ற நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் படித்துப் புரதம் கட்டப்படுகிறது. இது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஒரு மரபணுவிலிருந்து எத்தனை நகல்கள் எடுக்கப்படுகின்றன என்பதே புரதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்று நெடுங்காலம் எண்ணி வந்தனர். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று.

ஏரிப் பாசனத்தை எடுத்துக்கொள்வோம். மதகைத் திறந்தால் வாய்க்காலில் நீர் வரும். மதகை ஏற்றி இறக்கி நீரைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். ஆனால் வாய்க்காலிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் நீர் பாயும் இடத்தில் ஒரு மடை உண்டு. உழவர் இரண்டு மண்வெட்டி மண்ணை எடுத்துப் போட்டு மடையை அடைத்தால், மதகு திறந்தே இருந்தாலும் அந்த வயலுக்கு நீர் பாயாது. பாதி அடைத்தால் பாதி பாயும். மரபணுவிலிருந்து நகல் எடுப்பது மதகைத் திறப்பது போன்றது. வாய்க்காலில் வரும் நீர் தூது ஆர்.என்.ஏ. வயலில் பாயும் நீர் புரதம். நடுவில் மடையை அடைக்கும் அந்த இரண்டு மண்வெட்டி மண்ணே நுண் ஆர்.என்.ஏ., அதாவது மைக்ரோ ஆர்.என்.ஏ.

தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளமுடையது. நுண் ஆர்.என்.ஏ.யோ ஏறக்குறைய 22 எழுத்துகளே கொண்டது. முதலில் இது நீண்ட இழையாகவே உண்டாகிறது. கொண்டை ஊசிபோல் மடிந்திருக்கும் அந்த இழையை உட்கருவில் 'ட்ரோஷா' என்ற நொதியும், உட்கருவுக்கு வெளியே 'டைசர்' என்ற நொதியும் வெட்டிச் சிறிதாக்குகின்றன. இறுதியில் கிடைக்கும் சிறு துண்டு 'ஆர்கோனாட்' என்ற புரதத்தில் அமர்ந்துகொண்டு, தனக்குப் பொருந்தும் எழுத்துகளைக் கொண்ட தூது ஆர்.என்.ஏ.யைத் தேடிச் சென்று பற்றுகிறது. முக்கியமாகப் பொருந்த வேண்டியவை ஏழு எழுத்துகள் அளவே. பற்றப்பட்ட தூது ஆர்.என்.ஏ.யிலிருந்து புரதம் கட்டப்படுவது குறைகிறது. பெரும்பாலும் அந்தத் தூது ஆர்.என்.ஏ.யும் விரைவில் சிதைந்துவிடுகிறது.

ஏழு எழுத்துகள் பொருந்தினால் போதும் என்பதால் ஒரே நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் மடைகளில் கை வைக்க முடியும். ஒரே மரபணுவைப் பல நுண் ஆர்.என்.ஏ.க்களும் கட்டுப்படுத்தலாம். ஒவ்வொன்றும் உண்டாக்கும் மாற்றம் பெரும்பாலும் சிறிதே. ஆனால் தராசின் இரு தட்டுகளும் ஏறக்குறையச் சமமாக நிற்கும் வேளையில் ஒரு குன்றிமணியும் தட்டைச் சாய்த்துவிடும் அல்லவா?

புழு கற்பித்த பாடம்

இந்தச் சிறு பொருளை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு புழு. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற இப்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். இதன் வளர்ச்சியில் 'லின்-4' என்ற மரபணு பழுதுபட்டால், புழு தன் முதற்பருவ வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும்; முதிர்ச்சி அடையாது. அந்த மரபணுவைப் பிரித்தெடுத்த விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர், அதிலிருந்து எந்தப் புரதமும் உண்டாகவில்லை என்பதைக் கண்டு வியந்தனர். உண்டானது 22 எழுத்துள்ள ஒரு சிறு ஆர்.என்.ஏ. மட்டுமே. அது 'லின்-14' என்ற மற்றொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.யோடு பொருந்துவதை கேரி ருவ்கன் குழுவினர் கண்டனர். 1993ஆம் ஆண்டில் இவ்விரு முடிவுகளும் ஒரே இதழில் வெளியாயின.

அப்போது இதைப் பெரிதாக மதித்தவர்கள் சிலரே. புழுவுக்கு மட்டும் உரிய விந்தை என்று பலர் ஒதுக்கினர். 2000ஆம் ஆண்டில் 'லெட்-7' என்ற இரண்டாவது நுண் ஆர்.என்.ஏ. புழுவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மனிதனிடமும் அவ்வாறே இருப்பது தெரிந்ததும் நிலைமை மாறியது. 2001ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் பல்வேறு உயிரினங்களின் நுண் ஆர்.என்.ஏ.க்களைப் பட்டியலிட்டு வெளியிட்டன. ஆம்ப்ரோஸுக்கும் ருவ்கனுக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

காணாமற்போன துண்டு

இனி நம் முதியவரிடம் திரும்புவோம். நாள்பட்ட நிணவணு லுக்கேமியா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் புற்றுச் செல்களில் 13ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு துண்டு காணாமற்போயிருக்கிறது. இத்தனை நோயாளிகளிடம் ஒரே இடத்தில் இழப்பு நேர்ந்தால், அங்கே புற்றைத் தடுக்கும் மரபணு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று கருதுவது இயல்பே. 1990களில் பல ஆய்வுக்கூடங்கள் அத்துண்டை எழுத்தெழுத்தாகச் சலித்தன. சில மரபணுக்கள் கிடைக்கவும் செய்தன. ஆனால் அவற்றுள் எதன் புரதத்தின் மீதும் குற்றத்தை ஐயமற நிறுவ முடியவில்லை.

அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் கார்லோ குரோச்சேயின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஜார்ஜ் காலின், தேட வேண்டிய பகுதியை ஏறக்குறைய 30,000 எழுத்துகள் அளவுக்குக் குறுக்கிவிட்டார். அதற்குள்ளும் சந்தேகத்துக்குரிய புரத மரபணு கிடைக்கவில்லை. ஆனால் 2001இல் வெளியான நுண் ஆர்.என்.ஏ.க்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவற்றுள் இரண்டு அதே பகுதிக்குள் அருகருகே அமர்ந்திருந்தன. அவை மிர்-15, மிர்-16 என்பன. ஆராய்ந்த நோயாளிகளில் சுமார் 68 விழுக்காட்டினரிடம் இவ்விரண்டும் அழிந்திருந்தன அல்லது குறைந்திருந்தன. 2002ஆம் ஆண்டில் வெளியான இக்கட்டுரையே நுண் ஆர்.என்.ஏ.க்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலாக எடுத்துக்காட்டியது. புரதத்தைத் தேடியவர்களுக்குப் புரதம் கிடைக்காததில் வியப்பில்லை. அங்கே இருந்தது புரதமே அன்று.

இவ்விரண்டும் எந்த மடையை அடைத்து வந்தன? முன்னர்க் கூறிய பி.சி.எல்.-2 இங்கே மீண்டும் வருகிறது. இந்த மரபணு 1980களின் நடுவில், ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற வேறொரு நிணநீர்ப் புற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோயில் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பி.சி.எல்.-2 அளவுக்கு மீறி உண்டாகிறது. இப்புரதம் செல்களைப் பெருக்குவதில்லை, சாகாமல் காக்கிறது என்பதை 1988ஆம் ஆண்டில் மெல்போர்னைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். நம் முதியவரைப் பற்றிய லுக்கேமியாவிலும் இப்புரதம் மிகுதியே. ஆனால் அங்கே பெரும்பாலும் குரோமோசோம்கள் இடம் மாறியிருப்பதில்லை. பின் அது எப்படி மிகுந்தது? மிர்-15, மிர்-16 ஆகியவை பி.சி.எல்.-2 தூது ஆர்.என்.ஏ.யைப் பற்றி அடக்குகின்றன என்று குரோச்சே குழுவினர் 2005ஆம் ஆண்டில் அறிவித்தனர். மடையை அடைத்திருந்த மண் கரைந்துவிட்டது. நீர் தடையின்றிப் பாய்கிறது.

இதனை உயிருள்ள விலங்கில் சோதித்துப் பார்த்தவர்கள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர். அதே துண்டை நீக்கி வளர்த்த சுண்டெலிகளில் ஒரு பகுதிக்கு, மனிதருக்கு வருவதைப் போன்ற பி செல் நோய்கள் தோன்றியதை 2010ஆம் ஆண்டில் அவர்கள் காட்டினர். செல் பிரிவதைத் தூண்டும் சில மரபணுக்களையும் இந்த நுண் ஆர்.என்.ஏ.க்கள் அடக்கி வைக்கின்றன என்பதும் அப்போது தெளிவாயிற்று. எனவே பி.சி.எல்.-2 ஒன்றையே முழுக் காரணமாகக் கொள்வது தவறு. ஒரே மண் பல மடைகளை அடைத்து வந்தது. கரைந்தபோது பல மடைகளும் திறந்துகொண்டன.

அதே குரோமோசோமில் மற்றோர் இடம்

துண்டு காணாமற்போவதால் வரும் புற்றைக் கண்டோம். அளவுக்கு மேல் மிகுவதாலும் புற்று வரக்கூடும். இதற்கு எடுத்துக்காட்டும் அதே 13ஆம் குரோமோசோமில், சற்றுத் தொலைவில் இருக்கிறது. அங்கே ஆறு நுண் ஆர்.என்.ஏ.க்கள் ஒரே சரத்தில் கோத்த மணிகள்போல் அமைந்துள்ளன. இதற்கு 'மிர்-17-92 தொகுதி' என்று பெயர். சிலவகை லிம்ஃபோமாக்களில் இப்பகுதி பல படிகளாகப் பெருகியிருக்கிறது. ஏற்கெனவே புற்றுக்கு ஆளாகும் இயல்புடைய சுண்டெலிகளின் இரத்தத் தாய்ச் செல்களில் இத்தொகுதியின் ஒரு பகுதியைக் கூடுதலாகச் செலுத்தியபோது, லிம்ஃபோமா மிக விரைவில் தோன்றியதை 2005ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர்.

இத்தொகுதி அடக்கி வைக்கும் புரதங்களுள் முக்கியமான ஒன்று பிம், அதாவது செல்லை மடியச் சொல்லும் புரதம். மிர்-15, மிர்-16 ஆகியவை வாழச் சொல்லும் தட்டின் எடையைக் குறைக்கின்றன. மிர்-17-92 தொகுதி மடியச் சொல்லும் தட்டின் எடையைக் குறைக்கிறது. முன்னது தொலைந்தாலும் பின்னது மிகுந்தாலும் தராசு ஒரே பக்கம்தான் சாயும்: சாக வேண்டிய செல் சாகாது.

அப்படியானால் மிர்-17-92 தீயதா? அன்று. 2008ஆம் ஆண்டில் இத்தொகுதியை அறவே நீக்கி உருவாக்கிய சுண்டெலிகள் பிறந்தவுடனே இறந்தன. அவற்றின் பி செல்களோ புரோ-பி நிலையிலிருந்து பிரீ-பி நிலைக்கு ஏற முடியாமல் நின்றுவிட்டன. பிம் மிகுந்ததே காரணம். பி செல்களில் டைசர் நொதியை நீக்கி எல்லா நுண் ஆர்.என்.ஏ.க்களையும் ஒருசேர நிறுத்தியபோதும், அதே படியில்தான் வளர்ச்சி தடைப்பட்டது. சரியான அளவில் இருந்தால் பி செல்லை வளர்ப்பதும், அளவு மீறினால் புற்றுக்குத் துணைபோவதும் ஒன்றே.

அளவு மட்டுமன்று, காலமும் முக்கியம். முதிர்ந்த பி செல்களில் மிர்-150 நிறைய உண்டு, அதனால் தீங்கில்லை. ஆனால் அதனை இளம் செல்களில் காலத்துக்கு முன்பே உண்டாகச் செய்தால், அங்கே தேவைப்படும் 'சி-மிப்' என்ற புரதம் குறைந்து, வளர்ச்சி நின்றுவிடுகிறது. நாற்றங்காலுக்கு வேண்டிய நீரை, அறுவடைக்கு நிற்கும் வயலின் கணக்கைப் பார்த்து அடைத்துவிட்டால் நாற்று என்னாகும்?

மீண்டும் கோழி

பி செல்லுக்குப் பெயர் தந்த கோழி இன்னொரு செய்தியையும் தந்தது. கோழிகளுக்கு லிம்ஃபோமாவை உண்டாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அது தன் மரபுப் பொருளைக் கோழியின் டி.என்.ஏ.யில் செருகிவிடும். பல கட்டிகளில் அது செருகியிருந்த இடம் ஒன்றாகவே இருந்தது. 1989ஆம் ஆண்டில் அந்த இடத்துக்கு 'பிக்' என்று பெயரிட்டனர். அங்கே ஆர்.என்.ஏ. உண்டாவது தெரிந்தது, ஆனால் புரதம் எதுவும் உண்டாவதாகத் தெரியவில்லை. புதிர் பல ஆண்டுகளுக்குப் பின்னரே விடுபட்டது. பிக் என்பது மிர்-155 என்ற நுண் ஆர்.என்.ஏ.யின் பிறப்பிடம்.

மனிதரின் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் வேறு சில லிம்ஃபோமாக்களிலும் மிர்-155 மிகுந்து காணப்படுகிறது. பி செல்களில் இதை மட்டும் மிகுதியாக உண்டாகச் செய்த சுண்டெலிகளுக்கு லுக்கேமியாவும் லிம்ஃபோமாவும் தோன்றியதை 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மறு ஆண்டிலேயே, மிர்-155 அறவே இல்லாத சுண்டெலிகளுக்கு நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதும் கண்டறியப்பட்டது. இங்கும் அதே பாடம்தான்.

மருந்தாகுமா?

குறைந்த நுண் ஆர்.என்.ஏ.யை வெளியிலிருந்து செலுத்தலாமே, மிகுந்ததைக் கட்டிப்போடலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். முயன்றார்கள். மிர்-34 என்ற நுண் ஆர்.என்.ஏ.யின் போலியை மருந்தாகச் செலுத்திய சோதனை, நோயாளிகள் சிலருக்குக் கடுமையான எதிர்விளைவுகள் ஏற்பட்டதால் 2016ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. மிர்-155ஐக் கட்டிப்போடும் மருந்து ஒன்றின் இரண்டாம் கட்டச் சோதனை 2020ஆம் ஆண்டில் இடையிலேயே கைவிடப்பட்டது. நூறு மடைகளில் கைவைக்கும் ஒன்றை உடலெங்கும் செலுத்தினால், நாம் விரும்பும் மடை மட்டும் அடைபடும் என்பதற்கு உறுதி ஏது? நுண் ஆர்.என்.ஏ.யை அடிப்படையாகக் கொண்ட புற்று மருந்து எதுவும் இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

ஆயினும் கரைந்த மடையைச் சரிசெய்ய முடியாவிட்டாலும், பாய்ந்துவிட்ட நீரை வடிக்க வழி கிடைத்துள்ளது. பி.சி.எல்.-2 புரதத்தையே நேராகப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை, இந்த லுக்கேமியாவின் ஒரு வகைக்கு 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பி.சி.எல்.-2 பற்றிய ஆராய்ச்சியின் நேர் விளைவு இம்மருந்து, நுண் ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி தந்ததன்று. ஆனால் இந்த நோயின் செல்கள் உயிர் வாழ அப்புரதத்தை ஏன் இவ்வளவு நம்பியிருக்கின்றன என்ற கேள்விக்கு, காணாமற்போன அந்தச் சிறு துண்டு ஒரு விளக்கம் தருகிறது.

நம் முதியவருக்கு என்ன ஆயிற்று? மருத்துவர் அவருடைய இரத்தத்தை மேலும் ஒரு சோதனைக்கு அனுப்புகிறார். ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு குரோமோசோம்களில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கும் சோதனை அது. 13ஆம் குரோமோசோமின் அந்தத் துண்டு மட்டும் இல்லை, வேறு கேடு எதுவும் இல்லை என்று முடிவு வருகிறது. இத்தகையோருக்கு நோய் பெரும்பாலும் மெதுவாகவே நகரும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. பலருக்கு உடனே மருந்தும் தேவைப்படுவதில்லை. "இப்போதைக்கு மருந்து வேண்டாம் ஐயா. மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரத்தம் பார்ப்போம்" என்கிறார் மருத்துவர். புற்று என்ற சொல்லைக் கேட்டு நடுங்கிப்போயிருந்த மனிதர், மருந்துச் சீட்டு இல்லாமல் வீடு திரும்புகிறார். எதற்கும் உதவாதது என்று எண்ணப்பட்ட ஒரு டி.என்.ஏ. துண்டைச் சலிக்காமல் ஆராய்ந்தவர்களால் இன்று அவருக்கு இவ்வளவு சொல்ல முடிகிறது.